விறகு அறுக்கப் பழைய செயின்சாவுக்குப் பதிலாக எதை வாங்கலாம்?

பழைய செயின்சா ஓடாமல் போனதால், வீட்டு விறகுக்கு மட்டும் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கவனிக்க வேண்டியது எஞ்சினின் திறன் அல்ல, நீங்கள் வழக்கமாக அறுக்கும் கட்டையின் தடிமன். சங்கிலி ஓடும் பார் அந்தத் தடிமனைவிட ஓரிரு அங்குலம் நீளமாக இருந்தால் ஒரே மூச்சில் அறுத்துவிடலாம்; எப்போதாவது வரும் பெருங்கட்டையை இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம் என்பதால், அதற்காக நீண்ட பாரை வாங்கி ஆண்டு முழுவதும் சுமக்கத் தேவையில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு 16 அங்குல பாரும், பெட்ரோல் வகையானால் 40 முதல் 50 சிசி வரையிலான எஞ்சினும் தாராளமாகப் போதும்.

நாள் முழுக்க, மின்சாரம் எட்டாத இடத்தில் அறுப்பவருக்கு மட்டுமே பெட்ரோல் செயின்சாவைப் பரிந்துரைப்பேன். ஆண்டில் சில முறை எடுப்பவருக்கு பேட்டரி வகையே மேல், ஏனெனில் டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டு, பிசினாகப் படிந்து கார்புரேட்டரை அடைத்துவிடும். (உங்கள் பழைய இயந்திரத்தின் கோளாறும் இதுவாகவே இருக்கலாம், புதிதை வாங்குமுன் அதைச் சுத்தம் செய்து பாருங்கள்.)

பாரின் நுனி மேல்பகுதி கட்டையில் இடித்தால் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும் என்பதால், அப்போது சங்கிலியைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உதிரிபாகங்களும் சங்கிலியும் அருகிலேயே கிடைக்கின்றனவா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். செதில்களுக்குப் பதிலாக மாவு போன்ற தூள் விழுந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது என்று பொருள்; அதற்கு உருண்டை அரம் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.