பாடலைக் கேட்டுவிட்டுப் போகட்டும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். சிறுவர் நூல்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிப்பவர்களில் நானும் ஒருவர்.

2007-இல் ‘தி கோல்டன் காம்பஸ்’ திரைப்படம் வெளிவந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பிலிப் புல்மனின் அந்த நூலை அதற்குள் நான்கு முறை படித்திருந்தேன். படம் வரப்போகிறது என்று அறிந்த நாளிலிருந்து ஒவ்வொரு புகைப்படத்தையும் சேர்த்துவைத்துக் காத்திருந்தேன். திரையரங்கில் விளக்குகள் எரிந்தபோது, இன்னும் மூன்று அத்தியாயங்கள் மிச்சமிருக்க எல்லோரும் ஏன் எழுந்து போகிறார்கள் என்று விளங்காமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் அக்கா மகளுக்குப் பத்து வயது. நார்னியா நூல்களில் மூன்றாவதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். கிரெட்டா கெர்விக் எடுக்கும் புதிய நார்னியா படத்துக்காக அவள் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுதியாக இருக்கிறது. இன்னொரு பக்கம், இத்தகைய படங்கள் அறிவிக்கப்படும்போதெல்லாம் தலைமுடியின் நிறத்துக்காகவும் கண்ணின் நிறத்துக்காகவும் ரசிகர்கள் இடும் சண்டைகள் சலிப்பூட்டுகின்றன. நூலை நேசித்தவர்களின் எதிர்பார்ப்பே முதிர்ச்சியற்றதுதானா? அவளை முன்கூட்டியே எச்சரித்து வைக்கலாமா? படமாக்கப்படுவது ஆறாவது நூலான ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ என்பதால், இடையிலுள்ளவற்றை விட்டுவிட்டு அதை அவளுக்கு இப்போதே கொடுத்துவிடலாமா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

முதிர்ச்சியற்றது என்று நான் கருதவில்லை. சலிப்பூட்டுவதாக நீங்கள் குறிப்பிடும் சண்டைகளில்கூடச் சில, படம் எடுத்தவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்றை வாசகர்கள் கவனித்துவிட்டதால் எழுந்தவை.

ஹாரி பாட்டரின் கண்களை எடுத்துக்கொள்வோம். நூலில் அவை பச்சை நிறம். முதல் படத்தின்போது ஹாரியாக நடித்த டேனியல் ராட்க்ளிஃபுக்குக் கண்ணில் பொருத்தும் நிறவில்லைகள் ஒத்துக்கொள்ளாமல் கண்ணை உறுத்தியதால், அவருடைய இயல்பான நீலக் கண்களையே வைத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு. கதைக்குத் தேவையானது பச்சை நிறமன்று, மகனின் கண்கள் தாயின் கண்களைப் போலவே இருக்கின்றன என்பது. முதல் நூலிலிருந்தே பலர் வாயால் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அந்த ஒற்றுமை, கடைசி நூலில், ஹாரியின் தாய் லில்லியை வாழ்நாளெல்லாம் நேசித்த ஆசிரியர் ஸ்னேப் உயிர்விடும் தறுவாயில் ஹாரியிடம் தன்னைப் பார்க்கும்படி கேட்கும் இடத்தில்தான் தன் முழுப் பொருளையும் அடைகிறது. 2011-இல் வந்த கடைசிப் படத்தில் சிறுமி லில்லியாக நடித்தவரின் கண்கள் பழுப்பு நிறத்தில் இருந்தன. ரசிகர்கள் அதைச் சுட்டிக்காட்டியபோது அற்ப விஷயம் என்று பலர் ஒதுக்கினார்கள். பத்து ஆண்டுகளாக ஓர் இழையைப் பிடித்துக்கொண்டே வந்த வாசகர்கள், அது முடிச்சுப் போடப்பட வேண்டிய இடத்தில் அறுந்திருப்பதைக் கண்டு சொன்னார்கள். அதை நான் நல்ல வாசிப்பு என்றே கொள்வேன்.

குழந்தைகள் படிக்கும் முறையே இதற்குக் காரணம். நீங்கள் நான்கு முறை படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நாம் வளர்ந்த பிறகு எந்த நாவலை நான்கு முறை படிக்கிறோம்? பத்து வயதில் படிப்பவர், நூலாசிரியர் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போன ஒரு படிக்கட்டையோ ஒரு குரலையோ தானாகவே முழுமையாக்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார். அப்படிப்பட்டவருக்குத் திரைப்படம் என்பது தான் வாழ்ந்த வீட்டைப் பிறர் காட்டக் காண்பது. அந்த ஆர்வத்தின் அளவு 2008 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. நவம்பரில் வரவிருந்த ஆறாவது ஹாரி பாட்டர் படத்தை மறு ஆண்டு ஜூலைக்குத் தள்ளிவைப்பதாக வார்னர் நிறுவனம் அறிவித்ததும் கண்டன மனுக்கள் குவிந்தன. ஏழாவது நூல் 2007-லேயே வந்துவிட்டது. கதை முழுவதும் தெரிந்தவர்கள்தாம் அந்த எட்டு மாதங்களுக்காக வருந்தினார்கள். கதைக்குள் எல்லோரும் ஒன்றாக நுழையும் நாள் தள்ளிப்போனதே அவர்களுடைய வருத்தம்.

தலைமுடி பற்றிய சண்டைக்கு வருகிறேன், அதில் நியாயமும் அநியாயமும் ஒரே நூலைச் சுற்றி நடந்திருக்கின்றன. ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் முதல் நூலில் பெர்சிக்கு வயது பன்னிரண்டு, அவன் தோழி அனபெத்துக்குப் பொன்னிற முடி. 2010-இல் வந்த படம் பெர்சியைப் பதின்பருவத்தின் பிற்பகுதிக்குக் கொண்டுபோனது, அனபெத்தின் முடியைக் கருமையாக்கியது. ரசிகர்கள் இரண்டுக்கும் ஒரே குரலில் கோபப்பட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ள குறைகள் அல்ல. கிரேக்கத்தின் மூத்த கடவுளர் மூவருள் ஒருவரின் பிள்ளை பதினாறு வயதை எட்டும்போது, கடவுளர் வாழும் ஒலிம்பஸின் விதி தீர்மானமாகும் என்ற வாக்கின்மீதே ஐந்து நூல்களும் நிற்கின்றன. பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை ஓடும் கடிகாரம் அது. தொடக்கத்திலேயே நாயகன் அந்த வயதில் வந்து நின்றால் கடிகாரத்துக்கு வேலையில்லை. ரியோர்டன் 2009-இலேயே தயாரிப்பாளர்களுக்கு எழுதிய கடிதங்களில் இதை எச்சரித்திருந்தார். 2018-இல் அவற்றைத் தம் தளத்தில் வெளியிட்டார். 2013-இல் வந்த இரண்டாவது படத்தில் அனபெத்தின் முடியைப் பொன்னிறமாக்கினார்கள். எளிதாகத் திருத்தக்கூடியதைத் திருத்தினார்கள், கடிகாரத்தைத் திருப்பிவைக்க வழியில்லாமல் போயிற்று. தொடர் அத்துடன் நின்றது.

பிறகு 2022-இல், புதிய தொலைக்காட்சித் தொடரின் அனபெத்தாகக் கறுப்பினச் சிறுமி ஒருவர் தேர்வானபோது, நூலின் பெயரைச் சொல்லிக்கொண்டே அந்தக் குழந்தையை வசைபாடியவர்கள் உண்டு. தோற்றத்தை மட்டும் வைத்து அவரை நிராகரிப்பது இனவெறி என்று ரியோர்டன் நேரடியாகவே எழுதினார். அவர் எழுதியது சரி. அனபெத்தை அனபெத்தாக்குவது அவளுடைய கூர்ந்த அறிவும், தான் யாரென்று நிரூபித்தாக வேண்டும் என்ற தவிப்பும்தான். முடியின் நிறத்தில் கதையின் எந்த இழையும் கட்டப்படவில்லை. லில்லியின் கண்ணையும் அனபெத்தின் முடியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ரசிகரின் கோபத்துக்கு நான் செவிகொடுப்பேன். குழந்தை நடிகர்மீது பாயும் கோபத்துக்கு எந்த நூலும் புகலிடம் தராது.

இனி, இருக்கையிலேயே உட்கார்ந்திருந்த அந்தப் பதினான்கு வயது வாசகருக்கு வருகிறேன். பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீங்கள் சுமந்துவரும் ஏமாற்றம் நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1995-இல் வந்த புல்மனின் நூலில், தன் நண்பன் ரோஜரைக் காப்பாற்றத்தான் கதையின் நாயகியான சிறுமி லைரா வடக்கே புறப்படுகிறாள். காப்பாற்றியும் விடுகிறாள். பிறகு, தந்தை அஸ்ரியல் பிரபுவுக்கு உதவுவதாக நம்பி, தானே அவனை அழைத்துக்கொண்டுபோய் அவர் கையில் சேர்க்கிறாள். மனிதரின் ஆன்மா விலங்கு வடிவில் உடன்வரும் அந்த உலகில், சிறுவனையும் அவனுடைய விலங்கையும் பிரிக்கும்போது வெளிப்படும் ஆற்றலால் அஸ்ரியல் வானத்தைத் திறக்கிறார். ரோஜர் இறக்கிறான். நூலின் எல்லா நிகழ்ச்சிகளும் அந்த மலையுச்சியை நோக்கியே ஏறுகின்றன. கிறிஸ் வைட்ஸ் இயக்கிய படமோ, லைராவும் ரோஜரும் நம்பிக்கையோடு வானில் பயணம்போகும் இடத்தில் முடிந்துவிட்டது. இறுதிக் காட்சிகளை எடுத்திருந்தார்கள். அடுத்த படத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வெட்டிவிட்டார்கள். அடுத்த படம் வரவே இல்லை. ஏறத்தாழ 18 கோடி டாலர் செலவிட்ட படம் அமெரிக்காவில் 7 கோடி டாலர் அளவே ஈட்டியது. உலகளவில் 37 கோடியைத் தாண்டியபோதிலும், வெளிநாட்டு உரிமைகளை நியூ லைன் நிறுவனம் முன்கூட்டியே விற்றிருந்ததால் அந்த வருவாய் அதற்குப் பெரிதாக உதவவில்லை.

படம் வெளிவருவதற்கு முன்பே அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு அதைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்திருந்தது. திருச்சபையைப் பற்றிய நூலின் விமர்சனத்தைப் படம் ஏற்கனவே மழுங்கடித்திருந்தது. எதிர்த்தவர்கள் அதனால் சமாதானம் அடையவில்லை, நேசித்தவர்கள் அதனாலேயே மனம் கசந்தார்கள். பனிக்கரடிகளும் ஆன்மா விலங்குகளும் அழகாக உருவாகியிருந்தன. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. ஒரு குழந்தை தான் நேசித்தவனைத் தன்னை அறியாமலே மரணத்துக்கு அழைத்துச் செல்லக்கூடும் என்ற உண்மையைப் பதினான்கு வயதுப் பார்வையாளர்களால் தாங்க முடியாது என்று பெரியவர்கள் அஞ்சினார்கள் என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் அதை நான்கு முறை தாங்கியிருந்தீர்கள். 2019-இல் தொடங்கிய பிபிசி, எச்பிஓ தொடரின் முதல் பருவம் ரோஜரின் மரணத்தை அதற்குரிய இடத்திலேயே வைத்து முடித்தது. நீங்கள் அதைப் பார்க்காவிட்டால் பாருங்கள். அந்த மூன்று அத்தியாயங்களும் அங்கே இருக்கின்றன.

நூலில் இல்லாததைச் சேர்ப்பதை நான் குற்றமாகக் கருதவில்லை. 2005-இல் ஆண்ட்ரூ ஆடம்சன் எடுத்த நார்னியா படம் லண்டன் மீதான குண்டுவீச்சோடு தொடங்குகிறது. சி. எஸ். லூயிஸ் 1950-இல் எழுதிய நூலில், வான்தாக்குதல் காரணமாகக் குழந்தைகள் லண்டனிலிருந்து அனுப்பப்பட்டார்கள் என்ற ஒற்றைக் குறிப்புதான் உண்டு. அந்தக் குறிப்பைத் திறந்து உள்ளே இருந்த அச்சத்தைக் காட்டியதால், அவர்களில் ஒருவனான எட்மண்டின் முரட்டுத்தனம்கூட நமக்குப் புரிந்தது. ரசிகர்கள் அதை மனமார ஏற்றுக்கொண்டார்கள். 2008-இல் வந்த இரண்டாவது படத்தில் சேர்த்த கோட்டைத் தாக்குதலும், எட்மண்டின் அக்கா சூசனுக்கும் இளவரசன் காஸ்பியனுக்கும் இடையிலான காதலும் நூலின் எந்தக் குறிப்பிலிருந்தும் முளைக்காதவை. முதல் படம் 74 கோடி டாலர் ஈட்ட, இது 42 கோடிக்கு இறங்கியது. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் நூலை நேசித்தவர்கள் முன்புபோல் பிறரைக் கையைப் பிடித்து அழைத்துப்போகவில்லை என்பதை என்னைச் சுற்றியிருந்த வாசகர்களிடமே கண்டேன்.

லூயிஸுக்கே இந்த அச்சம் இருந்தது. 1959-இல் பிபிசி தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள நடிகர்களைக் கொண்டு நார்னியாவைத் தொலைக்காட்சியில் காட்டுவதைத் தாம் முற்றிலும் எதிர்ப்பதாகவும், நார்னியாவின் தெய்வச் சிங்கமான அஸ்லானாக மனிதர் ஒருவர் வேடமிடுவது தமக்குத் தெய்வநிந்தனையாகவே படும் என்றும் குறிப்பிட்டார். கணினி வரைகலை அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆனால் ஆறாவது நூல் வைக்கும் சோதனை வேறு. அங்கே அஸ்லான் பாடுகிறான், அந்தப் பாடலிலிருந்தே நார்னியா பிறக்கிறது. இருளில் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒரு குரல், அதனோடு சேர்ந்து பாடத் தொடங்கும் விண்மீன்கள், பாடல் மாற மாற முளைக்கும் புல்லும் மரமும். அதே இடத்தில் நிற்கும், கதைநாயகனான சிறுவன் டிகரியின் மாமா ஆண்ட்ரூ, சிங்கம் பாடாது என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொள்வதால், கடைசியில் அவர் காதில் கர்ஜனை மட்டுமே விழுகிறது. ஒரே ஒலியைப் பாடலாகவும் கர்ஜனையாகவும் எப்படிக் கேட்கவைப்பார்கள்? 1955-இலிருந்து அந்த நூலைப் படித்த ஒவ்வொருவரும் தத்தம் காதுக்குள் ஒரு பாடலை வைத்திருக்கும்போது, படத்தின் பாடலைக் கேட்கும் முதல் நொடியில் அரங்கில் எத்தனை பேர் மனத்துக்குள் இல்லை என்று தலையசைப்பார்கள்?

அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நான் காத்திருப்பது வேறொரு காட்சிக்காக. தாய் சாகும் நிலையில் கிடக்க, அவளைக் குணமாக்க ஏதாவது தரும்படி டிகரி அஸ்லானிடம் கெஞ்சுகிறான். அதுவரை சிங்கத்தின் பாதங்களையும் நகங்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்க்கையில், தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகளை அந்தக் கண்களில் காண்கிறான். லூயிஸ் தம் தாயை 1908-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தபோது அவருக்கு ஒன்பது வயது. பின்னர் டிகரி, தாயைப் பிழைக்கவைக்கக்கூடிய ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் திருடிக்கொண்டு ஓடும்படி சூனியக்காரி தூண்டியும் மறுக்கிறான். அந்த மறுப்பு அவனுக்கு எவ்வளவு வலித்தது என்பதைக் குறைக்காமல் காட்டினால், வேறு எதை மாற்றினாலும் நான் குறைசொல்லமாட்டேன்.

ஆகவே உங்கள் அக்கா மகளை எச்சரிக்க வேண்டாம். உங்கள் ஏமாற்றத்தை அவள்மீது முன்கூட்டியே ஏற்றினால், அவள் தன் கண்ணால் படத்தைப் பார்க்கும் வாய்ப்பை இழப்பாள். ஆனால் படத்துக்கு முன் அவள் நூலைப் படித்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பாடலை முதலில் அவளே கேட்டுவிட்டுப் போகட்டும். படம் முடிந்ததும் எது விடுபட்டது என்று அவள் சொல்லத் தொடங்கினால், அது வெறும் படம்தானே என்று இடைமறிக்காமல் கடைசிவரை கேளுங்கள்.

வரிசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதையின் காலவரிசைப்படி படிக்க விரும்பிய ஒரு சிறுவனுக்கு 1957-இல் எழுதிய பதிலில், லூயிஸ் அவன் பக்கமே சாய்ந்தார், கூடவே வரிசை அவ்வளவு முக்கியமில்லாமலும் இருக்கலாம் என்றார். நான் அவரோடு இதில் உடன்படவில்லை. அவள் வெளிவந்த வரிசையிலேயே தொடரட்டும், இடையில் இரண்டு நூல்கள்தாம். பனிக் காட்டின் நடுவே தனியாக எரியும் விளக்குக் கம்பத்தை அவள் முதல் நூலிலேயே பார்த்துவிட்டாள். அது அங்கே எப்படி வந்தது என்று இதுவரை அவளுக்குத் தெரியாது. லண்டன் தெருவில் பிடுங்கிய இரும்புத் துண்டைச் சூனியக்காரி சிங்கத்தின்மீது வீசியெறிய, அது புதிதாகப் பிறந்த மண்ணில் விழுந்து, ஒரு சிறிய விளக்குக் கம்பமாக முளைத்து வளரத் தொடங்கும் பக்கத்தை அவள் திருப்பும்போது, முடிந்தால் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அன்புடன்.