வரைகலையிலிருந்து ஏ.ஆர். ஆய்வுக்கு: கேட்டவையும் என் பதில்களும்

கணினி வரைகலையில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப் போகிறேன். நிஜ உலகின்மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் மிகை மெய்மை, அதாவது ஏ.ஆர். பக்கம் வந்தால் படித்தது வீணாகிவிடுமா?

ஆகாது. இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றுதான். 1963-இல் ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட நிரலை ஆய்வேடாகத் தந்த ஐவன் சதர்லண்ட்தான், 1968-இல் தலையில் மாட்டும் காட்சிக் கருவியையும் செய்துகாட்டினார். தலை திரும்புவதை அளக்கும் இயந்திரக் கை கூரையிலிருந்து தொங்கியது. தெரிந்தது வெறும் கோட்டுருவம், ஆனால் பார்ப்பவர் நகர்ந்தால் அதுவும் அதற்கேற்ப மாறியது. உங்கள் அணிக்கணிதமும் ஒளியியலும் அப்படியே கைகொடுக்கும். புதிதாகப் படிக்க வேண்டியது மனிதர்களை.

மேசைமேல் மெய்நிகர் குவளை ஒன்றை வைத்தேன். படம் தத்ரூபம். ஆனாலும் மிதக்கிறது என்கிறார்கள். ஏன்?

நானும் இதே இடத்தில் மாதக்கணக்கில் முட்டி நின்றிருக்கிறேன். குவளையின் பளபளப்பைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். தவறு அங்கே இல்லை, தாமதத்தில் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலை நொடிக்கு 100 பாகை வேகத்தில் திரும்புகிறது, படம் 20 மில்லிநொடி பிந்துகிறது என்றால் 2 பாகை பிழை. 60 செ.மீ. தள்ளியிருக்கும் குவளை சுமார் 2 செ.மீ. வழுக்கும். தலை அடுத்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து, திரைக்கு அனுப்பும் கடைசிக் கணத்தில் படத்தை இன்னொரு முறை நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், குவளையின் அடியில் மெல்லிய நிழல் வேண்டும். நிழல் இல்லாத பொருள் மேசையில் உட்காராது. கேமரா வழியாக உலகைக் காட்டும் கருவியில் இது எளிது. ஆனால் உலகை நேராகவே பார்க்கவிடும் ஒளிபுகும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை ஒளியைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. அங்கே கறுப்பு என்றாலே ஒன்றும் தெரியாத இடம். நிழலைச் சுற்றி மங்கலான வெளிச்சம் கொடுத்தால், நடுப்பகுதி இருண்டதுபோலத் தோன்றும்.

எல்லாவற்றையும் கைச்சைகையாலேயே இயக்கலாமா?

சில நிமிடம் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், தோள் பதில் சொல்லும். கண்ணால் மட்டும் தேர்வு செய்ய வைத்தாலும் சிக்கல்தான், பார்த்ததெல்லாம் திறந்துகொள்ளும். கண் சுட்டட்டும், மடியில் கிடக்கும் கை விரலைக் கிள்ளி உறுதிசெய்யட்டும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

முதலில் எதைப் படிப்பது?

ஏ.ஆர். பற்றி ஆய்வாளர் ரொனால்ட் அசுமா எழுதிய 1997 ஆய்வுக்கட்டுரை. ஏ.ஆர். என்றால் நிஜமும் மெய்நிகரும் கலக்க வேண்டும், உடனுக்குடன் இயங்க வேண்டும், முப்பரிமாணத்தில் பொருந்தி நிற்க வேண்டும் என்ற அவருடைய 3 நிபந்தனைகளை இன்றும் பயன்படுத்துகிறோம்.

கல்விக்கூடமா, நிறுவனமா?

கருவியை மாட்டிக்கொண்டு திணறுபவரின் பக்கத்தில் உட்கார உங்களுக்கு நேரம் தருகிற இடம் எதுவோ, அங்கே போங்கள். சம்பளம் பேசும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.