ஒய் தட்டும் முன் ஒரு போன்

கேள்வி: நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் 60 பேரின் சம்பளப் பட்டியலை ஜிப் செய்து, பாஸ்வேர்டு போட்டு ஆடிட்டருக்கு மெயில் அனுப்புவேன். பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதிவிடுவேன். அது தப்பு, ஜிபிஜி பழகு என்கிறான் தம்பி. கறுப்புத் திரையைப் பார்த்தாலே எனக்குப் பயம். (வாசகி, ராஜபாளையம்)

பதில்: தம்பி சொல்வது சரிதான் அம்மா. பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறீர்கள். உள்ளே இருப்பது 60 வீட்டு வருமானம்.

ஜிபிஜி என்பது ஃபைல்களைப் பூட்டும் மென்பொருள். அதில் ஆளுக்கு இரண்டு சாவி. பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம். ரகசியச் சாவியை யாருக்கும் தரக் கூடாது. ஆடிட்டரின் பொதுச் சாவியால் நீங்கள் பூட்டினால், அவருடைய ரகசியச் சாவிதான் திறக்கும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய பொதுச் சாவி யார் கையிலும் இருக்கலாம்; உங்கள் பெயரில் இன்னொருவர் பொய்ப் பட்டியலைப் பூட்டி அனுப்பிவிடலாம். அதைத் தடுக்கத்தான் உங்கள் ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் கையெழுத்து. வழியில் ஒரு எழுத்து மாறினாலும் சரிபார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

விண்டோஸ் என்றால் ஜிபிஜியின் விண்டோஸ் பதிப்பான ஜிபிஜிஃபோர்வின் போடுங்கள், இலவசம்தான். அதில் உங்களுக்குச் சாவி செய்துகொண்டு, ஆடிட்டரின் பொதுச் சாவியையும் வாங்கிச் சேருங்கள். தட்ட வேண்டியது ஒரே வரி: ஜிபிஜி, பிறகு என்க்ரிப்ட், சைன், ரெசிபியண்ட் என்ற சொற்கள், இந்த மூன்று சொற்களின் முன்னாலும் இரண்டு சிறு கோடுகள் (--). ரெசிபியண்டுக்குப் பக்கத்தில் ஆடிட்டரின் மெயில் முகவரி, கடைசியில் ஃபைல் பெயர். ரெசிபியண்டை இன்னொரு முறை எழுதி உங்கள் முகவரியையும் சேருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பூட்டியதை நீங்களே திறக்க முடியாது. பூட்டாத பழைய ஃபைல் அப்படியே கணினியில் கிடக்கும், அதையும் மறக்காதீர்கள்.

முதல் முறை என்டர் தட்டியதும், இந்தச் சாவி இவருடையதுதான் என்று உறுதியில்லை, ஆனாலும் பயன்படுத்தட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். எல்லாரும் ஆமாம் என்பதற்கான ஒய் (y) தட்டிவிடுவார்கள். நீங்கள் தட்டாதீர்கள். யார் பெயரும் மெயில் முகவரியும் போட்டு யார் வேண்டுமானாலும் சாவி செய்யலாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நம்பரில் ஆடிட்டரைக் கூப்பிட்டு, அவர் சாவியின் ஃபிங்கர்பிரிண்டை, அதாவது அந்தச் சாவிக்கே உரிய அடையாளத் தொடரை, வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தும் எண்ணுமாக 40, நான்கு நான்காகப் பத்துக் கட்டு. உங்கள் திரையில் விரல் வைத்துக்கொண்டே கேளுங்கள், கடைசிக் கட்டு வரைக்கும். இரண்டு நிமிஷ வேலை. மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. சரியாக இருந்தால் எல்சைன்-கீ (lsign-key) கட்டளையால் அந்தச் சாவிக்கு ஒப்புதல் போடுங்கள், அப்புறம் கேட்காது.

கேள்வி: லினக்ஸ் டவுன்லோடு செய்தேன். ஃபைல் மாறாமல் வந்ததா என்று பார்க்கத் தளத்தில் தரும் செக்சம் என்ற எண் பொருந்துகிறது. கையெழுத்தையும் பார்க்க வேண்டுமா? (மாணவர், கோவை)

பதில்: பாருங்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைத் திருப்பிப் பின்வாசல் (திருட்டு வழி) வைத்த ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவும் ஃபைலை, கொடுத்தார்கள். தளத்துக்குள் புகுந்தவனுக்கு அங்கே இருக்கும் செக்சமை மாற்றவும் கை நீளும். கையெழுத்துப் போட ரகசியச் சாவி வேண்டும். அது தளத்தில் இருக்காது. ஆனால் சாவியின் ஃபிங்கர்பிரிண்டையும் அதே பக்கத்திலிருந்து எடுத்தால் பயனில்லை. வேறு இடத்தில் ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஜிபிஜியில் என் ரகசியச் சாவியைக் காக்கும் பாஸ்ஃப்ரேஸ் (நீண்ட பாஸ்வேர்டு) மறந்துவிட்டது. திறக்க வழி உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை ஐயா. சாவியை உருவாக்கியவர் நீங்கள் ஒருவர்தான். முறையிட ஒரு அலுவலகம் கிடையாது. என் அப்பாவின் நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து, அவர் கைப்பட எழுதிய எல்லைக் குறிப்புகளோடு பூட்டிப் பென்டிரைவில் வைத்தேன். ரகசியச் சாவி லேப்டாப்பில் மட்டும் இருந்தது. ஹார்ட் டிஸ்க் போயிற்று. பத்திரங்களுக்கு நகல் வாங்கிவிட்டேன். அந்தக் குறிப்புகளைத் திறக்க இன்று வரை முடியவில்லை, அப்பாவும் இல்லை.

மற்ற வாசகர்களும் இன்றே எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் கட்டளையால் ரகசியச் சாவியை நகல் எடுத்துப் பீரோவில் வையுங்கள். பாஸ்ஃப்ரேஸைத் தாளில் எழுதி வேறொரு இடத்தில் வையுங்கள். சாவி செய்யும்போதே ஜிபிஜி ஒரு ரத்துச் சான்றிதழையும் (இந்தச் சாவி இனி செல்லாது என்று அறிவிக்க உதவுவது) உருவாக்கி வைத்திருக்கும், அதையும் அச்சிடுங்கள். பிறகு அந்தச் சாவி நகலை வேறொரு கணினியில் போட்டு, ஒரு ஃபைலாவது திறக்கிறதா என்று பாருங்கள்.