வாசகர் கேள்வி: இலையின் பெயரில் இதயம்

கேள்வி: சில செடிகளின் விஞ்ஞானப் பெயரில் ‘கோர்டேட்டா’, ‘கோர்டிஃபோலியா’ என்று வருகிறது. முள்ளந்தண்டுள்ள விலங்குகள் அடங்கும் ‘கோர்டேட்டா’ கணமும் இதுவும் ஒன்றா? இதய வடிவ இலையை எப்படி அடையாளம் காண்பது?
– உயர்தர உயிரியல் மாணவி, ஹட்டன்

பதில்: இரண்டும் வேறு. தமிழில் எழுதும்போது ஒன்றாகத் தெரிவதால்தான் இந்தக் குழப்பம். விலங்குகளின் கணப்பெயரில் ‘சி’க்கு அடுத்து ‘எச்’ வரும். அது நாண், நரம்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, முதுகுநாணைக் குறிக்கிறது. செடிப்பெயரில் அந்த ‘எச்’ இல்லை. அது லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்ற சொல்லின் வழிவந்தது. அச்சொல் வேற்றுமை ஏற்கும்போது ‘கோர்டிஸ்’ ஆகும். ‘ட்’ ஒலி அங்கிருந்தே வருகிறது.

பழைய லத்தீனில் ‘கோர்டாட்டுஸ்’ என்றால் விவேகமுள்ளவர். அறிவு இருக்குமிடம் இதயம் என்பது ரோமர்களின் எண்ணம். இதய வடிவம் என்ற பொருள் தாவரவியலில் நிலைபெற்றது. 1751இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வகுத்த இலை வடிவங்களிலும் இது உண்டு. விஞ்ஞானப் பெயரின் முதற்சொல்லான சாதிப்பெயரின் பாலுக்கேற்ப ஈறு மாறி ‘கோர்டேட்டா’, ‘கோர்டேட்டம்’ என வரும். ‘ஃபோலியம்’ என்றால் இலை. சீந்திலின் இனப்பெயரான, அதாவது இரண்டாம் சொல்லான ‘கோர்டிஃபோலியா’ இதய இலையுடையது என்றே பொருள் தருகிறது.

அடையாளம் காண முதலில் பார்க்கவேண்டியது நுனியை அல்ல, காம்பு சேரும் அடியை. அங்கே உட்குழிந்த பள்ளமும், இருபுறம் உருண்ட மடல்களும், எதிர்முனையில் கூரும் இருக்கவேண்டும். வெற்றிலையும் பூவரசும் நல்ல எடுத்துக்காட்டுகள். வல்லாரையிலும் அடிப்பள்ளம் உண்டு, ஆனால் நுனி கூராக இராது, அகலம் நீளத்தை மிஞ்சும். அது சிறுநீரக வடிவம். தேயிலை மலைகளில் களையாக மண்டும் புளியாரையின் சிற்றிலைகளில் பள்ளம் நுனியில் இருக்கிறது. அது தலைகீழ் இதயம். அதற்குப் பெயரே வேறு. அதிகம் பிழைவிடும் இடம் இதுதான். இலங்கைத் தேசியக்கொடியில் 1972 முதல் இருக்கும் அரசிலையை இதயம் என்றே எல்லோரும் வரைகிறோம். மரத்திலிருந்து பறித்துப் பாருங்கள்: பல இலைகளில் அடி ஏறத்தாழ நேராகவே இருக்கும்.

ஒரே இலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். தளிரில் பள்ளம் தெளிவாகத் தெரியாமல் போகலாம்; நன்கு விரிந்த ஐந்தாறு முற்றிய இலைகளை ஒப்பிடுங்கள். அழுத்தி உலர்த்தும்போது மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பள்ளம் மறைந்துவிடும். விரல்களால் பிரித்துவிட்டுத் தாளை மூடுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பத்திரிகைத் தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும்.