ஒயின் திருவிழா நடத்துவதால் சுற்றுலாவுக்கும் உள்ளூர் ஒயின் தயாரிப்பாளர்களுக்கும் உண்மையிலேயே பலன் உண்டா?

நிச்சயமாக உண்டு. ஜெர்மனியில் பாட் டூர்க்ஹைம் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 20,000 பேர்கூட இல்லாத ஊர். ஆனால் செப்டம்பரில் நடக்கும் வுர்ஸ்ட்மார்க்ட் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். மலைமேல் இருந்த சிற்றாலயத்துக்கு வந்த யாத்ரீகர்களிடம் விவசாயிகள் தள்ளுவண்டியில் ஒயின் கொண்டுபோய் விற்றதில்தான் இதன் தொடக்கம், 600 வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் அங்குள்ள சின்ன ஒயின் கடைகளுக்குத் தள்ளுவண்டிக்காரர்கள் என்றே பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அங்கே ஊற்றுவது அந்த ஊர் ஒயின் மட்டும்தான். குறுகலான பெஞ்சில் முன்பின் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கை வழுக்காமல் இருக்கப் பக்கமெல்லாம் குழி வைத்த அரை லிட்டர் கிளாஸை ஆளுக்கு ஒரு வாயாகக் கைமாற்றிக் குடிக்கிறார்கள். இடைத்தரகர் இல்லாததால் சிறு தயாரிப்பாளருக்குக் காசு நேராகக் கைக்கு வருகிறது, அதைவிட முக்கியமாக, ருசி பிடித்துப்போனவர் அப்புறம் தோட்டத்துக்கே வந்து பெட்டி பெட்டியாக வாங்குவார், வருடா வருடம் வருவார்.

தங்கும் விடுதி, சாப்பாட்டுக்கடை வியாபாரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊர் வழியாகவே 85 கிலோமீட்டர் நீள ஜெர்மன் ஒயின் சாலையும் போகிறது, அதனால் வந்தவர்கள் பக்கத்துக் கிராமங்களையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.