இலக்கியக் கேள்வி – பதில்

கேள்வி: பதினான்கு சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன், எதுவும் இதுவரை அச்சில் வரவில்லை. ஓர் அச்சகத்தார் 300 பிரதிகள் அச்சிட்டுத் தருவதாகவும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்றும் கூறுகிறார்கள். நூலாக்கலாமா? ஒரு கதையை இத்துடன் இணைத்துள்ளேன்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. நம் இலங்கையில் தமிழ்ப் புனைகதை நூல்களிற் பல எழுதியவரின் சொந்தச் செலவிலேயே வெளிவருகின்றன. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா நடத்தி, உறவினரும் நண்பர்களும் பணம் கொடுத்துச் சிறப்புப் பிரதிகள் பெற்றுக்கொள்ள, போட்ட பணத்தில் ஒரு பகுதி கைக்கு வரும். மீதிப் பிரதிகள் கட்டிலின் கீழ் பெட்டிகளில் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடப்பதைப் பல வீடுகளில் கண்டு மனம் நொந்திருக்கிறேன். அச்சகம் கொடுத்ததை அச்சிடும். கதையைப் படித்துத் திருத்தம் சொல்வதும், நூலைக் கடைகளுக்கு அனுப்புவதும் பதிப்பகத்தின் வேலை.

அனுப்பிய கதையை இரண்டு முறை படித்தேன். முதல் இரண்டு பக்கங்களிலும் மழையையும் வானத்தையும் வருணித்திருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், புறக்கோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய தாய், பயணச்சீட்டின் பின்புறத்தில் மகனுக்கு வாங்க வேண்டிய மருந்தின் பெயரை எழுதி, பின்பு அச்சீட்டிலிருந்த விலையைப் பார்த்து அந்தப் பெயரை அடித்துவிடுகிறாள். கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ளவற்றை நீக்கிவிட்டு ஞாயிறு வாரவெளியீடு ஒன்றுக்கோ, 'ஞானம்', 'ஜீவநதி' போன்ற இதழுக்கோ அனுப்புங்கள். 1966இல் எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' இதழில் எழுதிப் பழகியே நம் எழுத்தாளர் பலர் நூலுக்கு வந்தார்கள். முகமறியாத ஓர் ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பும்போது கிடைக்கும் பயிற்சி, வீட்டார் பாராட்டில் கிடைப்பதில்லை.

ஒரு கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம். மூன்று மாதம் பொறுத்து, பதில் இல்லையெனில் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு வேறிடத்துக்கு அனுப்பலாம். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறிவிடுவதுண்டு. ஏழெட்டுக் கதைகளாவது அச்சில் வந்தபின் பதிப்பகங்களை அணுகுங்கள்.

கேள்வி: அனுப்பும் கதையை வேறொருவர் தம் பெயரில் போட்டுவிடாமலிருக்க எங்கே பதிவு செய்ய வேண்டும்?
– வாசகர், தெஹிவளை

பதில்: எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் வாழ்நாளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் அது நீடிக்கும். அனுப்பிய மின்னஞ்சலையும் கையெழுத்துப் பிரதியையும் அழிக்காமல் வைத்திருங்கள். திருட்டைவிட நான் அஞ்சுவது, படித்துப் பாராமல் இடும் கையொப்பத்தை. பதிப்பாளர் தரும் ஒப்பந்தத்தில் "சகல உரிமைகளும்" என்றிருந்தால், "இப்பதிப்புக்கு மட்டும்" என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் உங்களிடமே இருக்கட்டும். நூலை அடையாளங்காட்டும் சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. சொந்தமாக வெளியிடுவோரும் அங்கே விண்ணப்பிக்கலாம்.