கீமோ முடிந்தும் விடாத அசதி: கேள்வி பதில்

(புற்றுநோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கோத்தகிரி உளவியலாளர் பதில் சொல்கிறார்.)

குன்னூரிலிருந்து: அம்மாவுக்குக் கீமோ முடிந்து மாதங்கள் ஆகின்றன. தூங்கி எழுந்தாலும் அசதி. பேசினால் சரியாகுமா மேடம்?

முதலில் ரத்தத்தைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, வலி, தூக்கக் கேடு என்று எது இருந்தாலும் அதற்குத்தான் முதல் வைத்தியம். அதையெல்லாம் பார்த்த பிறகும் அசதி நின்றால் என்னிடம் வாருங்கள். 2017இல் 113 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், இந்த அசதிக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும்தான் அதிகம் கைகொடுத்தன.

ஊட்டியிலிருந்து: ரேடியேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. கவுன்சிலிங் போனேன். "தைரியமாக இருங்கள்" என்றார்கள். அசதி அப்படியே இருக்கிறது.

இருக்கும்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2009 தொகுப்பாய்வு, புற்றுநோய் சிகிச்சை நடக்கும்போதே உளவியல் உதவி கொடுத்துப் பார்த்த 27 ஆய்வுகளைப் பார்த்தது. அசதியையே குறிவைத்த 5இல் 4 பலன் தந்தன. அசதியைக் குறிவைக்காத மற்ற 22இல் 3தான். அதனால் "அசதிக்கென்று என்ன செய்வீர்கள்?" என்று அடுத்த முறை நேராகவே கேளுங்கள்.

நான் முதலில் ஒரு நோட்டு போடச் சொல்வேன். எந்த நேரத்தில் என்ன வேலை, அப்போது அசதி பத்துக்கு எத்தனை. கொழுந்து பறிக்கப் போகும் அக்காக்களின் நோட்டில் அடிக்கடி பார்ப்பது இது: உடம்பு லேசாக இருக்கும் நாளில் துணி மொத்தத்தையும் துவைத்து, ரேஷனும் வாங்கி, படியேறி வந்து, அடுத்த இரண்டு நாள் படுக்கை. அப்புறம் "படுத்தால் சோம்பேறி என்பார்கள்" என்று மறுபடி எழுந்து அதே கதை. எனவே துணியை இரண்டாகப் பிரிக்கிறோம், உட்கார்ந்து துவைக்கிறோம், களைப்பு வருமுன்பே ஓய்வு. கூடவே அந்த "சோம்பேறி" எண்ணத்தையும் எடுத்து வைத்துப் பேசுகிறோம். பாதி வேலை அங்கேதான். மாமியாரையும் ஒருநாள் கூட்டி வரச் சொல்வேன்!

கூடலூரிலிருந்து: நடக்கணுமா, படுக்கணுமா?

இரண்டும்தான். மேடு வேண்டாம், சமதளத்தில் பத்து நிமிடம் போதும். எலும்பில் நோய் பரவியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து: ஒவ்வொரு தடவையும் கோவைக்கு மலை இறங்க முடியவில்லை. போனில் பேசலாமா?

தாராளமாக. நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. மனம் ரொம்பத் தளர்ந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், இலவசம். காய்ச்சலோ மூச்சிரைப்போ அசதியோடு சேர்ந்தால் மட்டும் போனில் நேரத்தைப் போக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.